குசினிக் கழிவிலிருந்து குளத்து மீன்

மழை விட்ட மறுநாள் காலையில் கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் ஓடித் தேங்கும் அந்தக் கறுப்பு மண்ணை ஒரு குச்சியால் கிளறினாலே போதும், இரண்டு மூன்று மண்புழுக்கள் நெளிந்துகொண்டு வெளியே வரும். நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். பிள்ளைகளோ ஒரு சிரட்டையை எடுத்து, அதில் ஈர மண் கொஞ்சம் போட்டு, புழுக்களைப் பொறுக்கிக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் ஓடிவிடுவார்கள். பின்னேரம் நாலைந்து மீனை ஈர்க்கில் கோத்துக்கொண்டு வந்து நின்றால் அப்போது மட்டும் நமக்குப் புழுவின் அருமை தெரியும்.

குளத்தை அண்டி வாழும் நம் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். கந்தளாய், இறக்காமம், பொலன்னறுவை, கெக்கிராவை என்று எத்தனையோ ஊர்களில் நம்மவர்களின் வீடுகள் குளக்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இருந்தும் மீனென்றால் கடல்மீன்தான் என்று ஒரு எண்ணம் நமக்கு. சூரையும் சாளையும் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் கூவினால்தான் அன்றைக்குக் கறி. 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவுக்கு மீன்காரர் வாரக்கணக்கில் வரவில்லை. வந்த அன்றும் விலையைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினோம். கோழி முட்டைகூட எண்ணிச் சமைக்கும் பண்டமாகிவிட்டது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு விழுந்ததென்றால் அதற்கு ஒரு தூண்டில் தடியும் ஒரு பெட்டி புழுவும்தான் காரணம். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முந்தின வருடம் என் இளைய மகன் புழுத் தேடி, பக்கத்து வயற்காரரின் வரப்பைத் தோண்டிவிட்டான். நல்ல ஈரமான, புல் முளைத்த வரப்பு, புழுவுக்குக் குறைவில்லை. மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தி, பொறுக்கிக்கொண்டு, தோண்டிய இடத்தை மூடாமல் வந்துவிட்டான். இரவோடு இரவாக அந்த இடத்தால் தண்ணீர் அரித்துக்கொண்டு போய், புதிதாய் விதைத்த வயலில் ஒரு மூலை வெறும் சேறாகிவிட்டது. காலையில் அந்த மனிதர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "உங்கள் மகனிடம் சொல்லுங்கள், வரப்பு என்பது சும்மா மண்ணில்லை" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. என் கணவர் போய் வரப்பைக் கட்டிக்கொடுத்து, ஒரு மரைக்கால் விதைநெல்லும் கொடுத்துவிட்டு வந்தார். பிறத்தியார் மண்ணில் இனிப் புழுத் தோண்டுவதில்லை என்று அன்றைக்கே வீட்டில் முடிவாயிற்று.

அந்த வருடம்தான், 2021இல், இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். எங்கு பார்த்தாலும் சேதனப் பசளை, மண்புழுப் பசளை என்ற பேச்சு. பசளைக்காகப் புழு வளர்க்கலாம் என்றால் தூண்டிலுக்காக ஏன் வளர்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் பக்கத்துக் குளங்களில் தூண்டிலுக்கு நல்ல காலம் எது? ஆடி, ஆவணி வெயிலில் தண்ணீர் வற்றி, பரந்து கிடந்த மீன்களெல்லாம் மிஞ்சிய நீரில் நெருங்கிக் கிடக்கும் காலம். ஆனால் அந்தக் காலத்தில்தான் புழு கிடைக்காது. தரை காய்ந்து வெடித்திருக்கும்போது மண்புழு ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். மாரியில் வாசலெல்லாம் புழு நெளியும், ஆனால் குளம் முட்டி வழியும், மீன் எங்கே என்று தெரியாது. மீன் இருக்கும்போது புழு இல்லை, புழு இருக்கும்போது மீன் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் வீட்டுப் பெட்டி.

வேறு இரை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிப் போடலாம், பாண் துண்டு போடலாம், சோற்றுப் பருக்கையும் போடலாம். திலாப்பியா இவற்றையெல்லாம் தின்னும். ஆனால் மா உருண்டை தண்ணீரில் கரைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தூண்டிலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மாவுக்கும் பாணுக்கும் காசும் வேண்டும்; வாயில் போக வேண்டியதைக் குளத்தில் போடுவதற்கு என் மனம் இடம் தருவதில்லை. புழு தோல் உறுதியானது, முள்ளில் நின்று பிடிக்கும். மாவைத் திரும்பியும் பார்க்காத கெளுத்தி, சுங்கான், பனையேறி, ஆரல், விலாங்கு எல்லாம் புழுவுக்கு வரும். விரால் மட்டும் கொஞ்சம் பெருமைக்காரன். அதற்குக் குஞ்சு மீனும் தவளையும்தான் பிடித்தம், என்றாலும் பசித்திருந்தால் புழுவையும் விடாது.

இனிப் பெட்டிக்கு வருவோம். மீன் வியாபாரிகள் ஓரம் உடைந்தது என்று எறிந்துவிடும் றெஜிபோம் பெட்டி ஒன்று போதும். பழைய பிளாஸ்டிக் வாளி, உடைந்த மண்பானை எதுவும் ஆகும். வெளிச்சம் உள்ளே புகாததாக இருக்க வேண்டும். புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் வெளிச்சத்தைத் தோலால் உணர்ந்து விலகி ஓடும். அடியில் ஆணியைச் சுடவைத்து ஏழெட்டுத் துளை போடுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. மண்புழு மூச்சு விடுவதும் தோலால்தான். தோல் காய்ந்தாலும் செத்துவிடும், தேங்கிய நீரில் காற்றில்லாமல் கிடந்தாலும் செத்துவிடும்.

உள்ளே நாலு விரற்கடை உயரத்துக்குத் தும்புத்தூள் போடுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும், அதனால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டே போட வேண்டும். தும்புத்தூள் கிடைக்காதவர்கள் பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து நனைத்துப் போடலாம், உக்கிய வாழை இலையும் நல்லது. அதன்மேல் ஒரு கை பழைய மாட்டுச் சாணம். பச்சைச் சாணம் கூடாது, அது உக்கும்போது சூடேறும். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு நீர் விழ வேண்டும். அதுதான் ஈரத்தின் அளவு.

புழுவை எங்கே எடுப்பது? ஆழத்தில் குடியிருக்கும் பருத்த, வெளிறிய மண்புழு பெட்டியில் நிலைக்காது. பழைய சாணக் குவியலின் அடியிலும் உக்கிய இலைக் குப்பையிலும் செந்நிறமாக, மெலிந்து, தொட்டால் துள்ளும் புழு இருக்கும். அதுவே குப்பையைத் தின்று பெருகும் சாதி. நாற்பது ஐம்பது புழுவைப் போட்டு, மேலே ஈரச் சாக்கு ஒன்றை மூடி, குசினிக்குப் பின்னால் நிழலில் வைத்துவிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் ஒரே நாளில் முழுவதும் போய்விடும். என் முதற் பெட்டி அப்படித்தான் போனது. காலையில் நிழலாக இருந்த இடம் பின்னேரம் வெயிலாகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

தீன் என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், பூசணித் தோல், சாயம் ஊற்றிய தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக் கோது, இவை போதும். தேசிக்காய்த் தோல், வெங்காயம், மிளகாய், உப்புப் பட்ட கறி, எண்ணெய், இறைச்சி, மீன் கழிவு ஆகியவை கூடாது. முதலில் சொன்னவை புழுவைக் கொல்லும், கடைசியில் சொன்னவை எலியையும் பூனையையும் கூட்டிவரும். கழிவைக் குவியலாகக் கொட்டாமல் ஒரு ஓரத்தில் கொஞ்சமாகப் புதைத்து, அது முடிந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். துர்நாற்றம் வந்தால் அளவுக்கு மேல் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு நாள் நிறுத்தி, காய்ந்த தாள் கொஞ்சம் கலந்துவிட்டால் சரியாகிவிடும். எறும்பு பெரிய எதிரி. பெட்டியை நாலு செங்கல்லில் ஏற்றி, செங்கற்களை நாலு தண்ணீர்த் தட்டுகளில் வையுங்கள். கோழி அதைவிடப் பெரிய எதிரி, அதற்கு மூடியின்மேல் ஒரு கல்.

இரண்டு மூன்று மாதம் பொறுத்திருங்கள். எலுமிச்சை விதையைவிடச் சிறியதாக, மஞ்சளாக முட்டைக் கூடுகள் தென்படும். அதன்பிறகு கிழமைக்கு முப்பது நாற்பது புழு எடுத்தாலும் பெட்டி குறையாது. அடியில் சேரும் கறுப்புத் தூள் முருங்கைக்கும் மிளகாய்க் கன்றுக்கும் போட நல்ல பசளை. புழுவின் இந்த வேலையைச் சாள்ஸ் டார்வின் பல வருடம் கவனித்து 1881இல் ஒரு தனி நூலே எழுதினார். நம் வீட்டு வெற்றிலைக்கொடிக்கு அது விளங்காது, ஆனால் தூளைப் போட்ட மாதத்தில் தளிர் விடத் தெரிகிறது.

இப்போது ஒரு விஷயம். உயிருள்ள புழுவை முள்ளில் குத்துவது சரியா?

என் உம்மும்மா தூண்டில் போடத் தெரிந்தவர். அசர் தொழுதுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குளக்கட்டு மருத நிழலில் போய் உட்காருவார். அவர் முழுப் புழுவை நெளிய நெளியக் கோத்ததை நான் கண்டதில்லை. பாக்குவெட்டியால் ஒரே வெட்டு, தலைப்பக்கத்தை முதலில் நறுக்கிவிடுவார். பிறகு துண்டாக்கி, துண்டைத்தான் முள்ளில் ஏற்றுவார். "அதுவும் ஒரு படைப்புத்தானே மகள்" என்பார். ஓதிப் படித்தவர் அல்லர். யாரிடம் கேட்டாரோ, தன் மனத்துக்குப் பட்டதோ, எனக்குத் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மௌலவி சொல்லக் கேட்டேன். இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தமது 'அல்முக்னீ' என்ற பெரிய சட்ட நூலில் இதைப் பேசியிருக்கிறார்கள். மண்புழுவைக் கொண்டும், உயிருள்ள எதனைக் கொண்டும் மீன் பிடிப்பதை, அதில் உயிரினத்துக்கு வேதனை இருப்பதால், இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள் என்றும், ஆனாலும் அப்படிப் பிடித்த மீன் ஆகுமானதே என்றும் அதில் வருகிறது. அது ஹன்பலி மத்ஹபின் நூல். நம் நாட்டில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல, உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணூறு வருடங்களுக்கு முந்தின ஒரு நூலில் இருந்த அதே எண்ணம் எழுத்தறியாத என் உம்மும்மாவின் பாக்குவெட்டியிலும் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இதனால் மீன் குறையுமா என்றால், குறையாது. புழு நெளிவதைக் கண்டு வரும் மீன் சில உண்டு. ஆனால் கலங்கிய குளத்து நீரில் மீன் கண்ணை நம்புவதைவிட மணத்தையும் சுவையையும்தான் நம்புகிறது. கெளுத்தியின் மீசை முழுவதும் சுவை அறியும் உறுப்புத்தான். வெட்டிய துண்டிலிருந்து கசியும் சாறு அதைத் தேடி வரவைக்கும். செலவும் மிச்சம், ஒரு புழு மூன்று தூண்டிலுக்குக் காணும். வெட்டினால் இரண்டு புழுவாகிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள், நம்பாதீர்கள். தலைப்பக்கம் நீளமாக மிஞ்சினால் சில வேளை வால் வளரும், வாலிலிருந்து இன்னொரு புழு வராது.

தூண்டிலுக்குப் பெரிய சாமான் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் தடி, அதே நீளத்துக்குத் தங்கூசி, ஒரு சிறிய முள், அதற்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயத்துண்டு, மிதப்புக்கு ஒரு துண்டு றெஜிபோம் அல்லது பழைய செருப்பின் றப்பர். திலாப்பியாவின் வாய் சிறியது, முள் பெரிதாக இருந்தால் இரையை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். புழுத் துண்டை முள்ளின் வளைவு மறையும்படி ஏற்றி, ஒரு நகக்கண் அளவு வால் தொங்க விடுங்கள். அதற்குமேல் தொங்கவிட்டால் தொங்குவதைத் தின்றுவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். மிதப்பு துடிதுடித்துப் பக்கவாட்டில் நகர்ந்தால் திலாப்பியா, ஒரேயடியாகக் கீழே இறங்கினால் கெளுத்தியோ விராலோ. துடிக்கும்போதே இழுத்துவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் பிழை. நகரும்வரை பொறுக்க வேண்டும்.

இந்தத் திலாப்பியாவைச் சில ஊர்களில் ஜப்பான் மீன் என்று கூவி விற்பார்கள். ஜப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது ஆபிரிக்கா மீன். 1952இல்தான் நம் நாட்டுக் குளங்களுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று குளத்து மீன் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. சொந்த நாட்டு மீன்களில் சுங்கானைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் செட்டைக்குப் பக்கத்தில் இருபுறமும் நச்சு முள் உண்டு. குத்தினால் கை முழுதும் கடுக்கும். அப்படி நேர்ந்தால் குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், அந்த நஞ்சு சூட்டில் வலிமை இழக்கும். வலி தணியாவிட்டாலும், வீக்கம் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகளைச் சுங்கானை முள்ளிலிருந்து கழற்ற விடவே கூடாது.

பிள்ளைகள் என்றதும் தாய்மாருக்கு வேறும் சொல்ல இருக்கிறது. புழுத் தோண்டுவது என்று வெறுங்காலுடன் சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்குவதால்தான் எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. காலில் சிறு கீறல் இருந்தாலே போதும். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், பிள்ளை சேற்றில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டியில் புழு இருந்தால் அந்தச் சேற்றுக்கு இறங்கும் தேவையே இல்லை. பெரிய குளங்களில் முதலையும் உண்டு. தண்ணீரில் இறங்கி நிற்காமல் கட்டில் நின்று போடட்டும், தனியாகப் போக வேண்டாம், மஃரிபுக்கு பாங்கு சொல்லுமுன் வீடு வந்துவிடட்டும். கெளுத்தி இருட்டியபின்தான் நன்றாகக் கடிக்கும் என்று மகன் வாதாடுவான். உண்மைதான். வாப்பாவோடு போகச் சொல்லுங்கள். வனசீவராசிச் சரணாலயத்துக்குள் இருக்கும் குளங்களில் தூண்டில் போட வேண்டாம், அதையும் சொல்லி அனுப்புங்கள். பட்டினத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கழிவு ஓடும் கால்வாயில் மீன் துள்ளினாலும் அது நமக்கு வேண்டாம்.

மீன் வந்து சேர்ந்தது. "சேறு நாறுது, எனக்கு வேணாம்" என்று மூத்தவள் மூக்கைப் பொத்துவாள், எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். அந்த நாற்றம் நீரில் வளரும் நுண்ணுயிர்களால் மீனின் தசையில் ஏறுவது. புளிப்புப் பட்டால் குறைந்துவிடும். செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, வயிற்றின் உட்பக்கம் படிந்திருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் உரித்தெடுங்கள். கெளுத்தி, சுங்கான் என்றால் சாம்பல் போட்டு உரசிக் கழுவுங்கள், வழுவழுப்புப் போய்விடும். பிறகு உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் தடவி அரை மணித்தியாலம் வைத்து, இரண்டு தண்ணீரில் அலசிவிடுங்கள். திலாப்பியாவை இரு பக்கமும் கீறி, மிளகாய்த்தூளும் மிளகும் பூசிப் பொரிக்கலாம். கெளுத்திக்கு ஆணம்தான் நல்லது. கொறுக்காப்புளியை ஊறவைத்து அரைத்து, வெந்தயமும் உள்ளியும் தாராளமாகச் சேர்த்து, முதலில் இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்குமுன் தலைப்பால் விடுங்கள். மண்சட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் இன்னும் உருசி. மறுநாளைக்கு மிஞ்சினால் தானே என்பாள் மூக்கைப் பொத்தியவள், இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டே.